பக்கத்து யூனிற்றின் நத்தைகள்

என் பக்கத்து யூனிற்றில் இருந்த உருகுவேக்கார அம்மா, வீட்டை விற்றுவிட்டுப் பிரிஸ்பேனில் இருக்கும் மகனிடம் போவதற்கு ஒரேயொரு தடைதான் இருந்தது. அது நத்தை. ஒன்றிரண்டு இல்லை, ஓர் அறை நிறைய. உயிரோடு இல்லை, ஓடுகள் மட்டும். அவருடைய கணவர் சிறுபிள்ளையாக இருந்த காலம் முதல் உருகுவேயின் ஆறுகளிலும் குட்டைகளிலும் பற்றைகளிலும் பொறுக்கிச் சேர்த்தவை. பிஸ்கற் ரின்னிலும் சப்பாத்துப் பெட்டியிலும் ஜாம் போத்தலிலும் அடைபட்டுக் கடல் தாண்டி வந்து, சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூரை முட்ட அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கணவர் இறந்துவிட்டார். ஓர் அருங்காட்சியகம் அவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் இனம் இனமாகப் பிரித்து, சிறு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, எந்த ஊர், எந்தக் குளம் என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மகன் தொலைபேசியில் அவசரப்படுத்தும்போதெல்லாம் அந்த அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான். நத்தை முடியட்டும், வருகிறேன்.

அது முடியக்கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவருடைய குசினி மேசையில் நான் போய் உட்கார்ந்தது விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்ய இல்லை. எனக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் மற்றவர்களுடைய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தவள். கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகள் கலியாணம் கட்டி மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் நான் போனது என் சொந்த இரத்தத்தைக் கொடுப்பதற்குத்தான். மகள் பேசுவதில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். வாரம் தவறாமல் பேசுவாள். பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிப் போகும்போது காரில் இருந்து பேசுவாள். கார் நின்றால் பேச்சும் நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் பின் இருக்கையில் இருந்து "ஹாய் அம்மம்மா, பை அம்மம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பல் தீட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பரமட்டாவில் மீன்கடைக்காரனிடம் விலை கேட்டதற்குப் பிறகு நான் வாய் திறந்தது அப்போதுதான். குரல் கரகரத்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் வருவது எரிச்சல்தான்.

மகளோடு போய் இருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். போய் இருந்து பார்த்தேன். காலையில் அவளும் மருமகனும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. புது வீடுகள், புது வீதிகள், வீதியில் மனித நடமாட்டமே இல்லை. இங்கே இரண்டு அறையில் தனியாக இருந்தவள் அங்கே ஐந்து அறையில் தனியாக இருந்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

அந்த அம்மாவும் நானும் வருடக்கணக்காகப் படிக்கட்டில் ஹலோ சொல்லிக்கொண்டவர்கள், அவ்வளவுதான். ஒரு நாள் அவர் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு ஜாம் போத்தல். நாங்கள் பேசியது ஆங்கிலம். அவருடையதில் ஸ்பானிஷ் வாடை, என்னுடையதில் மன்னார் வாடை. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் பேசியதை இப்போது நினைத்தால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

"நீர் ஆஸ்பத்திரியில மைக்ரோஸ்கோப் பாக்கிற ஆள்தானே?"

"பாத்தனான். இப்ப வீட்டில சும்மா இருக்கிறன்."

"எனக்குக் கண்ணில நடுவுக்க இருட்டு. ஊசி போடுறாங்கள், பிரயோசனம் இல்லை. நேர பாத்தா உமக்கு முகமே இல்லை. பக்கவாட்டில பாத்தா ஒரு தோடு தெரியுது."

"மற்றக் காதிலயும் தோடு கிடக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். ஜாம் போத்தலை என் பக்கம் நீட்டினார். உள்ளே அரிசியில் கிடக்கும் குறுணி அளவில் நூற்றுக்கணக்கான ஓடுகள். "இதுக்குள்ள எத்தினை சாதி இருக்கெண்டு பாத்துச் சொல்லும்" என்றார். இரத்தத்துக்குள் சாதி பிரித்தவளுக்கு நத்தைக்குள் பிரிப்பது பெரிய காரியமா? அன்று பின்னேரமே போனேன். அடுத்த நாளும் போனேன். பிறகு போகாத நாள் இல்லை.

வேலை இப்படி நடக்கும். குசினி மேசையில் யன்னலோரம் என் கதிரை, எதிரே அவருடையது. அவருடைய கணவரின் பழைய நுணுக்குக்காட்டி என் பக்கம். நான் ஒரு பெட்டியைத் திறந்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரித்து, அவருடைய உள்ளங்கையில் வைப்பேன். எது என்று வாயால் சொல்வேன். அவர் அதை விரலால் ஒரு தடவை உருட்டி, குழாய்க்குள் விட்டு, மேலே பஞ்சு அடைத்து மூடி போடுவார். சீட்டு எழுதுவது நான். அவர் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அந்தக் கைகள் அப்படி வேலை செய்தன.

உருகுவே என்றால் உதைபந்தாட்டம் மட்டும்தான் என் நினைவுக்கு வரும். அந்த நாட்டு நத்தையைப் பற்றி இவ்வளவு தெரிந்த மன்னார்ப் பெண் இப்போது உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அங்கே வயலோரச் சதுப்பில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு தண்ணீர் நத்தை உண்டு. அது முட்டையைத் தண்ணீருக்குள் இடாது. நாணல் தண்டில் ஏறி, கடும் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிவிட்டு இறங்கும். அதை மட்டும் தின்று பிழைக்கும் ஒரு பருந்தும் உண்டு. வளைந்த சொண்டால் சதையை உருவி எடுத்துவிட்டு, ஓட்டைக் கீறல் படாமல் கீழே போடும். அந்தப் பருந்து வழக்கமாகக் குந்தும் வேலிக் கட்டை எது என்று தெரிந்தால் போதும், அடியில் போய் அள்ளலாம். அவருடைய கணவர் சேர்த்த முதல் நத்தைகள் அப்படி அள்ளியவை.

"உங்கட மனுசன் வேலை செய்யேல்லை, பருந்துதான் செய்திருக்கு" என்று சொன்னேன்.

"எங்கட கலியாண வாழ்க்கையும் அப்பிடித்தான் போனது" என்றார்.

தரை நத்தைகளில் ஒன்று என் கைக்குள் அடங்காது. வாய் விளிம்பு ரோஸ் நிறம், மினுமினுக்கும். அதன் முட்டையும் ஒரு பெட்டியில் இருந்தது. குருவி முட்டை போல வெள்ளையாக, ஓடு வைத்து, தட்டினால் சத்தம் கேட்கும். இன்னொரு வகை ஆற்றுப் பாறையை விட்டு அசையாத குட்டி நத்தை, மிளகு மாதிரி உருண்டு தடித்தது. அதைப் பொறுக்கிய பாறைகள் பிறகு கட்டிய அணையின் தண்ணீருக்குள் போய்விட்டன, நத்தையும் அவற்றோடு போயிற்று என்றார் அந்த அம்மா. அந்த ஜாம் போத்தலை மேசையில் வைக்கும்போது இரண்டு பேரும் சத்தம் வராமல் வைப்போம். இதற்கிடையில் என் பல்கனியில் மிளகாய்க் கன்றைத் தின்ற சிட்னி நத்தைகளுக்கு நான் நீல மருந்துருண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வேலைக்கு நடுவில் அவர் ஒரு பானம் குடிப்பார். சிறு சுரைக் குடுவையில் பச்சை இலைத் தூளைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுவது. தான் குடித்துவிட்டு, மீண்டும் தண்ணீர் ஊற்றி, அதே குழாயோடு எனக்கு நீட்டினார். எனக்குப் பகீர் என்றது. எச்சில். அதுவும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவளுக்கு எச்சிலுக்குள் என்னென்ன இருக்கும் என்று பெயரோடு தெரியும். முதல் வாரம் வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது, அவருக்கு என் முகம் தெரியாததால் நான் தலையாட்டியது தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன். வேப்பிலைக் கசப்பு. ஆனால் கணவர் போன பிறகு இன்னொருவர் வாய் வைத்த எதிலும் நான் வாய் வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய நத்தைகள் முடிந்த பிறகு குளத்து நத்தைகள் தொடங்கின. அருங்காட்சியகத்தில் நத்தைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்பிள்ளைக்கு அதிகம் தேவைப்பட்டவை இவைதான். பார்ப்பதற்கு ஒன்றைப்போல் இருக்கும் இரண்டு இனம். இரண்டும் நகத்தளவு, இரண்டும் தேன் நிறம், இரண்டும் மெல்லிய ஓடு. ஒன்று வலப்பக்கம் திறக்கும், மற்றது இடப்பக்கம் திறக்கும். வலப்பக்கம் திறப்பதில்தான் ஆட்டின் ஈரலைத் தின்னும் புழு வளரும். அந்தக் கணவர் ஆட்டுப் பண்ணைக்காரரின் பிள்ளை. எந்தக் குளத்தில் எது இருக்கிறது என்று குளம் குளமாகப் பொறுக்கியிருக்கிறார். எல்லாக் குளங்களுக்கும் தானே பிரித்துக் குழாய்களும் போட்டிருந்தார், ஆனால் குழாய்கள் நிரம்பவில்லை. மீதி ஓடுகள் பைகளில் கிடந்தன. அவர் விட்ட இடத்தில் இருந்து நான் பிரித்து அதே குழாய்களை நிரப்ப வேண்டும்.

இடம் வலம் எப்படிப் பார்ப்பது என்று அந்தப் பெண்பிள்ளை மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் அதைத் திறக்கவில்லை. எனக்குப் படமா? என் அப்பா மன்னாரில் சுழியோடிகளிடம் சங்கு வாங்கியவர். மூட்டை மூட்டையாக வரும் சங்குக்குள் ஒரு வலம்புரி அகப்பட்டுவிடாதா என்று வீடு முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். சுருள் முனையைக் கீழே விட்டு, வாய் நம்மைப் பார்க்கப் பிடிக்க வேண்டும். வாய் வலது கைப்பக்கம் திறந்தால் வலம்புரி. எனக்கு எழுத்து வருவதற்கு முன்னால் அது வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு நத்தையையும் இடுக்கியால் தலைகீழாகப் பிடித்து, வலம், இடம், இடம், வலம் என்று கடகடவென்று சொல்லி அந்த அம்மாவின் கையில் வைத்தேன். அவர் விரலால் உருட்டி, நான் சொன்ன குழாய்க்குள் விட்டார். சில வேளை உருட்டிய விரல் கொஞ்சம் நின்று போகும். கை களைத்துப் போயிருக்கும் என்று நினைத்து, "கொஞ்சம் ஆறுவமா?" என்று கேட்பேன். "இல்லை, இல்லை, தாரும்" என்பார்.

பெட்டிகள் குறையத் தொடங்கின. அந்த அறையின் பின்சுவர் எனக்குத் தெரியத் தொடங்கியது. மகன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசும்போது, தன் வீட்டுக்குக் கிட்டவே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டதாகவும், யூனிற்றைப் பார்க்க ஆட்கள் வரப்போவதாகவும் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவருக்குக் காது மந்தமில்லை, ஆனால் அந்தத் தொலைபேசி அப்படி உரத்துப் பேசும்.

என் யூனிற்றில் மகள் இருந்த அறை சும்மாதான் கிடந்தது. வந்து என்னோடு இருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? என் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும்போது இதை யோசிப்பேன், அவருடைய கதவடியில் வந்ததும் விழுங்கிவிடுவேன். மகளுக்கு என்ன சொல்வது? என்னிடம் வந்து இருக்கமாட்டீர்கள், யாரோ ஒரு அன்ரிக்கு என் அறையைக் கொடுப்பீர்களா என்று கேட்பாள், அதில் நியாயமும் இருக்கிறது. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால் அங்கே பெண்டுகள் வாயில் நான்தான் அடுத்த மாதம் முழுக்க. அவருடைய மகன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? இப்படிக் காரணம் காரணமாக அடுக்கினேன். உண்மையான காரணம் வேறு. கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த நாள் பின்னேரம் எந்த முகத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது? இருக்கிறதும் போய்விடும் என்று பயந்தேன்.

கேட்கவில்லை. குளத்து நத்தைகள் முடிந்தன.

அருங்காட்சியகத்துப் பெண்பிள்ளை வந்தாள். மெலிந்த, மரியாதையான பிள்ளை. அந்த அம்மா கேக் செய்திருந்தார், நான் வடை கொண்டு போயிருந்தேன். குழாய்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். குளத்து நத்தைத் தட்டுக்கு வந்தாள். ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு இன்னொன்று. மூடியைத் திறந்து, பஞ்சை எடுத்து, கையில் கொட்டிப் பார்த்தாள். கேக்கைச் சாப்பிடாமல் வைத்துவிட்டாள்.

"இந்த இடம் வலம் பிரித்தது யார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான்" என்றேன், பாராட்டு வருகிறதாக்கும் என்று நினைத்து.

அவர்கள் உலகத்தில் நத்தையைச் சுருள் முனை மேலே இருக்கத்தான் பிடிப்பார்களாம். உலகம் முழுவதும் அப்படித்தானாம். நாங்கள் வலம்புரி என்று விளக்கேற்றி வைப்பது அவர்களுக்கு இடப்பக்கம் திறப்பது. நான் வலம் என்று போட்டதெல்லாம் இடம். இடம் என்று போட்டதெல்லாம் வலம். சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும் என்றால் பரவாயில்லை. அந்த மனிதர் சரியாகப் பிரித்து வைத்த குழாய்களுக்குள், உள்ளே கிடப்பதைக் கொட்டிப் பார்க்காமல், நான் என்னுடையதைத் தலைகீழாகப் போட்டு நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு குழாயிலும் அவருடைய சரியும் என்னுடைய பிழையும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் திறந்து கொட்டித் திரும்பவும் பிரிக்க வேண்டும்.

அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "இது யாருக்கும் நடக்கும், அவசரம் இல்லை, ஆறுதலாகச் செய்யுங்கள்" என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். காது மடல் சுட்டது. இறந்துபோன ஒரு மனிதரின் ஆயுட்கால வேலையைக் குழப்பி வைத்துவிட்டு, அவருடைய மனைவிக்கு முன்னால் வடைத் தட்டோடு நின்றேன். அந்த அம்மா மேசைத் துணியின் சுருக்கத்தைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை போனதும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "நாளைக்கும் நாலு மணிக்கே வாரும்" என்றார்.

திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினோம். இந்த முறை படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டு, சுருள் முனை மேலே, சுருள் முனை மேலே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் கை பழக்கத்தில் தலைகீழாகத் திருப்பும், நான் அதை அதட்டித் திருப்புவேன். மாரி வந்தது. அவருடைய குசினியில் ஹீற்றரைப் போட்டு, கதவுக்கடியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு உட்காருவோம். மகன் தொலைபேசியில் சத்தம் போட்டான். வீடு வாங்க வந்தவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்றான். அவர் அமைதியாக, "பக்கத்து வீட்டுப் பெண் பிழை விட்டிட்டா, என்ன செய்யிறது" என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த மாரிகாலம்தான் சிட்னிக்கு வந்த பிறகு நான் அதிகம் சிரித்த காலம். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நேரம் எடுத்துச் செய்தேன் என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, கவனமாகத்தான் செய்தேன்.

ஆனாலும் முடிந்தது. யூனிற் விற்றாயிற்று. மகன் வந்து தாயைக் கூட்டிப்போகும் நாளும் வந்தது. அருங்காட்சியகத்து வான் முந்தின நாளே வந்து பெரும்பாலானதை ஏற்றிக்கொண்டு போயிற்று. கடைசித் தட்டை அந்தப் பெண்பிள்ளை அடுத்த நாள் தானே வந்து என்னிடம் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.  மத்தியானம் நான் போனபோது வீடு வெறுமையாக இருந்தது. எங்கள் மேசையும் இரண்டு கதிரையும் மட்டும் விட்டிருந்தார்கள். பழைய சாமான் கடைக்காரன் பிறகு வந்து எடுப்பானாம். கடைசியாக ஒரு குளத்தின் இரண்டு குழாய்கள் மூடாமல் இருந்தன. நான் இடுக்கியைக் கழுவக் குசினித் தொட்டிக்குப் போனேன். போகும்போது என் சட்டைக் கை தட்டில் பட்டு ஒரு நத்தை நிலத்தில் விழுந்தது.

"விடுங்கோ, நான் எடுக்கிறன்" என்றேன்.

அவர் அதற்குள் குனிந்துவிட்டார். உள்ளங்கையால் லினோலியத்தைத் துழாவி, நத்தையை எடுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு உருட்டு உருட்டினார். இரண்டு குழாயில் இடப்பக்கம் திறப்பவற்றின் குழாயைத் தொட்டுப் பார்த்து எடுத்து, அதற்குள் விட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, குழாயைச் சரித்து நத்தையை எடுத்து, முனை மேலே பிடித்துப் பார்த்தேன். இடம். சரியான இடம்.

கை நனைந்தபடி நின்றேன்.

"உங்களுக்கு விரலால தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"கலியாணம் கட்டின புதுசில இருந்து. அந்த மனுசன் இருட்டிலயும் கையில ஒண்டைத் தந்து கேப்பார், இது எந்தப் பக்கம் எண்டு. வேற என்ன பேசத் தெரியும் அவருக்கு."

"அப்ப நான் முதல் தரம் பிழையாப் போட்டது?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பி, ஓரக் கண்ணால் என்னைத் தேடினார்.

"முதல் நாளே தெரியும்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் குறுகிப்போய் நின்றதை, அதற்குப் பிறகு நித்திரை இல்லாமல் புரண்டதை, ஒவ்வொரு நாளும் மனதுக்குள் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டதை எல்லாம் கொட்டினேன். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா என்று கேட்டேன்.  அவர் நான் ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"ஓம். நீர் பாவம்" என்றார். "சொல்லியிருந்தா அண்டைக்கே திருத்தியிருப்பீர். கெதியா முடிஞ்சிருக்கும்."

"அது உங்கட மனுசன்ர வேலை. அதைக் குழம்ப விட்டிட்டு இருந்தீங்களே."

"அவர் செத்துப்போனார்" என்றார். "நீர் நாலு மணிக்குக் கதவைத் தட்டுவீர்."

நான் உட்கார்ந்தேன். இத்தனை மாதமும் நான் ஒருத்திதான் இந்த மேசையை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். என்னை ஒருவர் அவ்வளவு தேடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தன் கணவரின் நத்தைகளைப் பிழையான குழாய்க்குள் தன் கையாலேயே போடும் அளவுக்குத் தேடியிருக்கிறார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. 

"என்னட்ட ஒரு அறை இருக்கு" என்றேன். "சும்மாதான் கிடக்கு. நீங்கள் வந்து இருக்கலாம் எண்டு எத்தினையோ நாள் கேக்க நினைச்சனான்."

 யூனிற் போய்விட்டது, பிரிஸ்பேனில் இடம் எடுத்தாயிற்று, மகன் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கிறான். அது இருவருக்கும் தெரியும்.

"இப்பதான் சொல்லுறீர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"ஓம். இப்பதான் சொல்லுறன்."

அவர் மேசைக்கு மேலால் கையை நீட்டி, என் கை எங்கே என்று தேடிப் பிடித்தார். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

"யன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். யன்னல் கிழக்குப் பக்கம், காலை வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழும் என்றேன். ரெயில் போகும் சத்தம் கேட்கும், ஆனால் பழகிவிடும் என்றேன். கட்டில் சின்னது, மெத்தை நல்லது, மகள் அதிகம் படுக்கவில்லை என்றேன். நிலத்தில் கம்பளம் இருப்பதால் வெறுங்காலோடு நடக்கலாம், கதவில் இருந்து கட்டிலுக்கு நேரே வரலாம், இடையில் தடக்குவதற்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். குளியலறை எங்கே என்று கேட்டார், அடுத்த கதவு என்றேன். சுவர் என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றேன், அது அவ்வளவு மஞ்சள் இல்லை, இருந்தும் அப்படிச் சொன்னேன்.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அலுமாரியைப் பற்றி நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.